பாவாயியின் ஆறு குண்டுகள்

மலைமேல் இருக்கும் பைல் நாட்டில் பாவாயி நம்பாத ஆட்கள் யார் யார் என்று கேட்டால், வோட்டர் லிஸ்ட்டை அப்படியே தூக்கிக் கையில் கொடுத்துவிடலாம். கோழி முட்டையிட்டால், இது உன் முட்டைதானா என்று அந்தக் கோழியையே நிற்க வைத்து விசாரிப்பாள். கடையில் தராசைப் பார்த்தால் முதலில் தராசை நிறுக்கச் சொல்வாள். கல்யாணத்தன்று மூன்றாவது முடிச்சைப் போட்டது நாத்தனார் சென்னம்மாள். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று மணவறையிலேயே கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தவள் பாவாயி. அந்தச் சென்னம்மாளோடு எட்டு வருசமாகப் பேச்சில்லை. காரணம், மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒன்று காணாமல் போனது. அன்றைக்குச் சென்னம்மாள் பாவாயி ஊட்டுக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான்.

இளவயசில் பாவாயி மலை இறங்கிச் சேந்தமங்கலத்தில் டைப் அடிக்கக் கற்றாள். பாஸ் ஆனதும் ஒரு பழைய பெட்டி மிஷினை வாங்கி, மடியில் வைத்துப் பஸ் ஏறினாள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸே வாந்தி எடுத்தது. பாவாயி கண்ணைக்கூட இமைக்கவில்லை. இமைத்த நேரத்தில் எவனாவது ஒரு எழுத்தைப் பிடுங்கிக்கொண்டால்?

அன்றிலிருந்து மிளகும் மரவள்ளியும் போக, மீதி நேரத்தில் மலைக்கே மனு அடித்துக் கொடுப்பவள் அவள்தான். கம்ப்யூட்டர் கடை வந்தும் அவளுக்கு ஆள் குறையவில்லை. காற்று கொஞ்சம் பலமாகத் தும்மினால் மலையில் கரண்ட் போய்விடும். இந்த முறையும் ஒரு பலாமரம் கம்பி மேல் சாய்ந்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மறுநாள் செம்மேட்டில் மனு வாங்கும் முகாம். பெரிய ஆபீசர் மலையேறி வருவது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. இருபத்து மூன்று பேர் கையால் எழுதிய தாள்களைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மிஷின் படுத்துவிட்டது. காகிதத்தைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடுகிற மேல்வண்டி, பாதியில் நின்று அசைய மறுத்தது.

சேந்தமங்கலத்தில் தையல் மிஷின் பார்க்கும் அமீர் பாஷாவுக்கு டைப் மிஷினும் கைவந்த வேலை. போன் போட்டதும், "கொண்டாந்து கடையில வெச்சுட்டுப் போங்கக்கா" என்றார்.

"போறது ஒண்ணு, வாரது ஒண்ணா ஆயிருமுங்க பாய். நீங்களே ஊட்டுக்கு வந்துருங்க."

வந்தார். வந்ததும் அவருடைய பையை வாங்கி உள் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவர் கேட்டால், அறையைத் திறந்து எடுத்து வந்து கொடுத்து, திருகி முடித்ததும் திரும்ப வாங்கிப் பூட்டினாள். ஆஸ்பத்திரி ஆபரேஷனில்கூட அத்தனை பந்தோபஸ்து இருக்காது.

வாசலில் மூங்கில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அவள் புருசன் காளியண்ணன், ஊரே திரும்பிப் பார்க்கிற ஒரு இருமலோடு உட்கார்ந்திருந்தார்.

அமீர் பாஷா மேல்வண்டியைக் கழற்றினார். அது ஓடுகிற தடத்தில் ஆறு இரும்புக் குண்டுகள். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அதே சாதி, அளவில் மட்டும் சின்னது. பழைய கிரீஸ் ஏறி மிளகு மாதிரியே கருத்திருந்தன.

"கிரீஸு பிசினாட்டம் இறுகிப் போச்சுங்க. வேற கோளாறு இல்ல. குண்டைப் பெட்ரோல்ல கழுவிப் போட்டா ஓடும்."

"கழுவறது அப்பறம். மொதல்ல எண்ணுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். ஆறு. பாவாயி ஆறையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தடத்தைத் துடைக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவள் ஒரு கண்ணால் மிளகையும் ஒரு கண்ணால் அமீர் பாஷாவையும் பார்த்தபடி, குனிந்து குனிந்து மிளகைக் கிளறிவிட்டாள்.

"இப்பக் குடுங்கக்கா."

முடிச்சை அவிழ்த்து அவர் கையில் கொட்டினாள். ஆறுதான் விழுந்தது. அமீர் பாஷா ஒவ்வொன்றாக விரலில் உருட்டினார். ஆறாவது பட்டென்று நொறுங்கியது.

"அக்கா, இது மிளகுங்க."

பாவாயியின் முகம் போன போக்கைப் பார்த்துக் காளியண்ணனின் இருமலே நின்றுவிட்டது.

"குண்டை எடுத்துட்டு மிளகை வெச்சுட்டீங்களா பாய்?"

"உங்க முந்தியில இருந்து எங் கையில விழுந்துதுங்க. நான் எப்பங்கக்கா வெச்சேன்?"

"அதைத்தான் நானும் ரோசன பண்றேன்."

சட்டைப் பையைப் பார்த்தாள். தொப்பியை உதறிப் பார்த்தாள். அவர் சம்சாரம் ஜீனத் பீவி கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சஞ்சோற்றைக் கிளறினாள். கடுகு கருப்பாக இருந்ததால் கடுகையும் நசுக்கிப் பார்த்தாள்.

"வாயையும் தொறக்கட்டுங்களா?" என்றார் அமீர் பாஷா, கேலியாக.

"தொறங்க."

திறந்தார். எட்டிப் பார்த்தாள்.

அடுத்தது புருசன். "மாத்திரைன்னு எடுத்து முழுங்கிப் போட்டீங்களா?"

"முழுங்கியிருந்தா இந்நேரம் இருமறப்ப வெளிய வந்து செவுத்துல குத்தியிருக்கும் புள்ள."

அந்தப் பக்கம் வந்த கோழியைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்தாள். "இருக்கட்டும். காத்தால எச்சம் சொல்லிப்போடும்."

அமீர் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரிப்பு போயிருந்தது.

"இருவத்தஞ்சு வருசமா மிஷின் பாக்கறேனுங்க. ஒரு ஊசி எடுத்தேன்னு ஒரு ஊட்டுல சொன்னதில்ல. எம் பையைக் குடுங்க, அஞ்சரை பஸ்ஸுக்குப் போறேன்."

மேசை மேல் மிஷின் குடல் சரிந்து கிடந்தது. பக்கத்தில் இருபத்து மூன்று தாள்கள். பாவாயி இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அஞ்சை வெச்சே ஓட்ட முடியாதுங்களா?"

"மூணு காலுக் கட்டல்ல படுக்கற மாதிரிங்க. பாதி வரியில சாஞ்சு நின்னுக்கும்."

காளியண்ணன் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "எல்லாரையும் பாத்துட்ட பாவாயி. ஒரு ஆளு பாக்கி."

"யாரு, சென்னம்மாளா? இங்க வந்தாளா?"

"மிளகு கெளறறப்ப முந்தி அவுந்து, என்னமோ கீழ வுழுந்து, வெடுக்குனு பொறுக்கி முடிஞ்சியே. அந்த ஆளு."

பாவாயி முந்தானையைப் பார்த்தாள். விழுந்தது உண்மை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவசரமாகப் பொறுக்கி முடிந்ததும் உண்மை. பொறுக்கியது எது என்பதை மட்டும் உலகத்திலேயே முதல் தடவையாக அவள் சரிபார்க்கவில்லை.

அங்கே கிடந்தது ஒரு கோடி மிளகு. எண்ணிப் பார்த்தவர் இல்லை, ஆனாலும் குறையாது.

"எம் பையில காந்தம் இருக்குதுங்க," என்றார் அமீர் பாஷா. "தையக்கடையில ஊசி பொறுக்கறது. பைதான் ஜெயில்ல இருக்குது."

பாவாயி சாவியை எடுத்தாள். பையை முழுசாக, எதையும் எண்ணாமல், அவர் கையில் கொடுத்தாள்.

அவர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மிளகுக்குள் ஏர் ஓட்டுவது போல இழுத்தார். முதல் சாலில் ஒரு ஆணி. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது சாலில், பாயின் மூங்கில் பின்னலுக்குள்ளிருந்து விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த ஒன்று எழுந்து வந்து காந்தத்தில் ஒட்டியது.

கோணி ஊசி.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். பாவாயி ஊசியைப் பிடுங்கித் தலைமுடிக்குள் சொருகிக்கொண்டாள்.

"இன்னும் இழுங்க பாய்," என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

பாயின் ஓரத்தில் 'டிக்' என்றது. ஆறாவது குண்டு.

குண்டுகளைக் கழுவிப் போட்டு, அரை மணியில் மிஷினை மாட்டி முடித்தார். ஒரு தாளைச் சொருகி, "அடிச்சுப் பாருங்கக்கா" என்றார் அமீர் பாஷா.

"என்னத்த அடிக்கறது?"

"அமீர் பாஷா இந்த ஊட்டுல இருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகலைன்னு அடிங்க. அடுத்த தடவை வாரப்ப வாசல்லயே காட்டோணுமல்லங்க."

அடித்தாள். வரி முடிகிற இடத்தில் மணி கணீரென்றது. கையெழுத்துப் போடச் சொன்னார். பாவாயி அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அடித்தவளே அவள்தான், இருந்தாலும். பிறகு போட்டாள். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பாவாயி கோழியை விடுதலை செய்தாள். முதல் மனுவை எடுக்கக் கை நீட்டினாள். அதன் மேல் காளியண்ணன் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"எந்தங்கச்சிக்கும் ஒண்ணு அடிச்சுரு. மிஷின் நல்லா இருக்கறப்பவே."

பாவாயி அவரை முறைத்தாள். தலையில் ஊசி குத்தியது. தாளைச் சொருகிச் சென்னம்மாள் பேரை அடித்தாள். மேல்வண்டி வெண்ணெயில் போவது போல ஓடியது. அவள்தான் அந்த ஒரு வரிக்குள் நாலு இடத்தில் நின்றாள்.