படத்துக்கு உட்கார்ந்த அப்பா

ஓவியர் தோர்கில்ட் குடும்ப அமைதியை வரைவதில் பெயர் எடுத்தவர். அதற்கு ஒரே இடைஞ்சல், அவருடைய குடும்பம்.

கோபன்ஹேகனில் கால்வாயோரம் ஒரு சின்ன வீடு. வெளிச்சம் விழும் அறை ஓவியருக்கு. மனைவி அபெலோனேவும் நான்கு பிள்ளைகளும் அடுக்களையில், ஈரத் துணிகளுக்கும் மீன் வாடைக்கும் நடுவே, மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார்கள். யாராவது இருமிவிட்டால் போதும். "அங்க என்ன சந்தைக்கடையா? இங்க நான் குடும்பத்தை வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் வரைய நினைத்தது, தொட்டிலை ஆட்டும் அப்பாவையும் பக்கத்தில் காலுறை பின்னும் அம்மாவையும். அம்மாவுக்கு அபெலோனே இருந்தாள். அப்பாவுக்கு ஆள் வேண்டியிருந்தது.

"நீங்களே கண்ணாடியைப் பாத்து வரையலாமே?"

"எனக்கு அந்த முகபாவம் வராதுடி," என்றார் ஓவியர். அவர் உண்மை பேசிய சில தருணங்களில் அது ஒன்று.

கீழ்வீட்டில் பீப்பாய் செய்யும் எஸ்பன் வந்து உட்கார்ந்தார். மனைவியை இழந்தவர். கடைக்குட்டிக் குழந்தை அழுததும் நிஜமாகவே தொட்டிலை ஆட்டிவிட்டார்.

"ஆட்டாதய்யா! ஆட்டுற மாதிரி இரு!"

"குழந்தை நெசமாத்தானே அழுவுது, ஐயா?"

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் நழுவி வந்து எஸ்பனின் முழங்காலில் சாய்ந்தார்கள். படத்துக்கு நன்றாயிருந்ததால் ஓவியர் விரட்டவில்லை. அந்த அறையின் கணப்படுப்புச் சூட்டில் அபெலோனேவுக்குக் கால் விரல்கள் அந்த வருடம் முதல்முறையாக மரத்துப்போகாமல் இருந்தன.

கண்காட்சியில் படத்தின் முன் ஒரு வியாபாரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு மனுஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா!"

"ஆமாங்க," என்றாள் அபெலோனே. "கீழ்வீட்டுல இருக்காரு."

ஓவியருக்கு இருமல் வந்துவிட்டது.

அந்தப் படத்தால் அவருக்கு ரோம் போய்ப் பயில உதவித்தொகை கிடைத்தது. "உங்களையெல்லாம் பிரியணுமேன்னு நெஞ்சு வெடிக்குது," என்றார். பெட்டி அதற்கு முன்பே கட்டியாகிவிட்டது. அங்கே இத்தாலியக் குடும்பங்களின் அமைதியை வரைந்துகொண்டிருந்தவரைக் காய்ச்சல் கொண்டுபோனது.

சேதி வந்த அன்று அபெலோனே அழுதாள். சண்டை போடக்கூடத் தனக்கு நேரம் ஒதுக்காத மனிதருக்காக ஏன் இப்படி அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. எஸ்பன் வந்தார். விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

அடுத்த வருடம், "ஒண்ணு கேக்கணும்," என்று கதவருகே நின்றார்.

"கேக்கறதுக்கு இவ்வளவு நாளா, மேஸ்திரி? உள்ள வாங்க. குளிரு வருது."

திருமணத்தில் பாதிரியார் மறைந்த ஓவியரின் குடும்பப் பாசத்தை உருகி உருகிப் புகழ்ந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர். அபெலோனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். எஸ்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

விருந்துக்குப் பட்டாணி சூப்பும் பன்றி இறைச்சியும். பிள்ளைகள் மறுபடியும் தட்டை நீட்டினார்கள்.