ஓசூரில் இருந்த மகன்

கமலவேணி அக்கா வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாமல் போனதற்கு ஒரு டாக்டரம்மாவின் பேச்சுதான் காரணம். முத்தியால்பேட்டையில் அவர்களுக்கு எதிர்வீடு எங்களுடையது. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அப்பேர்ப்பட்ட வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது.

அக்கா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி திருகும் வேலை பார்ப்பவர். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டு வீங்கி அனலாய்ச் சுட்டது. வாயு என்று உருளைக்கிழங்கை நிறுத்திப் பார்த்தார், பிரயோசனமில்லை. கடைசியில் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கிருமியோட சண்டை போட வேண்டிய அணுக்கள் உங்க மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா," என்றார் டாக்டரம்மா. "மாத்திரை தரேன். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. கவலை வந்தா உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்கும். 'போதும், அடங்கு'ன்னு அந்த அணுக்களை அதட்டறதே அதுதான். ஆனா கவலை ஓயாம இருந்தா, அந்த அதட்டல் அதுங்க காதுல ஏறாது. அப்புறம் வீக்கம் அது இஷ்டத்துக்கு ஏறும்."

"தெனம் திட்டற மாமியார் பேச்சு மாதிரி," என்றார் அக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

கூட வந்திருந்த அக்காவின் கணவர் இராமதாஸ் மாமா சிரிக்கவில்லை. மில் மூடியபின் ஏடிஎம் வாசலில் காவலுக்கு நிற்பவர். கவலை கூடாது என்பது மட்டும்தான் அவர் மண்டையில் ஏறியது. அன்றிலிருந்து டிவியில் செய்தி கிடையாது. சாவுச் சேதி சொல்ல வந்தவர்களைக்கூட வாசலிலேயே பேசி அனுப்பினார்.

மாசி பிறந்த சமயம், அவர்கள் மகன் விக்ரமின் வலது கை, சேதராப்பட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் பிரஸ் மெஷினில் மாட்டியது. மூன்று விரல்கள் போய்விட்டன. தெருவுக்கே தெரியும். அக்காவிடம் மட்டும் அவன் ஓசூருக்கு டிரெயினிங் போயிருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் கட்டுப் போட்ட கையோடு அவன் இருந்தது சோலை நகரில், மூத்தவள் சிந்துஜா வீட்டில். இதோ, நடக்கிற தூரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தினி நாளைக்கு மாமா மூடி வெப்பீங்க?" என்றேன்.

"தெரிஞ்சா அவ கையும் போயிடும்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேச?

அக்காவுக்கு விஷயம் தெரியாது. விஷயம் ஒன்று இருப்பது மட்டும் நன்றாகவே தெரியும். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். மகன் வீடியோவில் முகம் காட்டவில்லை.

"என்னமோ இருக்குடி. யாரைக் கேட்டாலும் ஒண்ணுமில்லன்றாங்க," என்று என்னிடம் புலம்புவார். தூக்கம் போனது. முழங்காலும் வீங்கியது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். கவலையே அண்டாத வீட்டில் இதெப்படி என்று மாமா தலையைப் பிடித்துக்கொண்டார்.

மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் தீர்த்தவாரிக்குச் சாமிகள் எங்கள் பக்கமாகத்தான் போகும். அக்கா என்னோடு வாசலில் நின்றபோது விக்ரம் போன் செய்தான்.

"வருஷா வருஷம் மொத ஆளா நிப்பியேடா. லீவு தரலியா?"

"ஓசூர்லேர்ந்து எப்டிம்மா வர்றது..."

அப்போது ஒலிபெருக்கி அலறியது: "மயிலம் முருகன் வந்துகொண்டிருக்கிறார். வண்டிகளை ஓரம் கட்டவும்." அதே குரல் போனுக்குள்ளிருந்தும் வந்தது. அக்கா போனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார்.

"ஓசூருக்கும் மயிலம் முருகன் வராராடா?"

போன் கட்டானது. இவ்வளவு பக்கத்தில் அவன் தங்கக்கூடிய இடம் மகள் வீடு ஒன்றுதான்.

வீங்கிய காலோடு அக்கா சோலை நகருக்கு நடந்தார். நானும் வீட்டுக்குள்ளிருந்து வந்த மாமாவும் பின்னால் ஓடினோம். கதவைத் திறந்த விக்ரம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அக்கா அதை இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அழுத அழுகையில் மேளச் சத்தம் எங்கள் காதில் விழவில்லை.

"உனக்கு ஒடம்பு கெட்டுடும்னுதாம்மா..." என்றான்.

"வெரல் போச்சுன்னு தெரிஞ்சா வெரலுக்கு அழுதிருப்பேன்டா. தெரியாம, தெனம் உன்ன ஒவ்வொரு விதமா சாவடிச்சுக்கிட்டிருந்தேன்."

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சிந்துஜா தம்பிக்குப் போட்டு வைத்த சோறு தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவன் இடது கையால் சாப்பிட்ட லட்சணம் தரையில் தெரிந்தது. அக்கா தட்டை எடுத்துப் பிசைந்தார். விரல் மடங்காததால் உருண்டை நிற்காமல் உதிர்ந்தது. உள்ளங்கையில் அள்ளி ஊட்டினார்.

"இன்னும் என்ன மறைச்சு வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க."

விக்ரம்தான் சொன்னான்.

"கம்பெனில இனிமே வர வேணாம்னுட்டாங்கம்மா."

அக்காவின் கை ஒரு கணம் தட்டிலேயே நின்றது. பிறகு மறுபடி சோற்றை அள்ளியது.

"சரி. வாயத் தொற."