மேடையிலிருந்து எடுத்த பாட்டு

அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் அவரே சிரிப்பார். உட்காருவதா, நாமா? இந்த முதல் வரியை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாருக்குமே ஓரிடத்தில் இருக்கத் தெரியாது, அண்ணனுக்கு அறவே தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவார். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியாடா?" என்று அம்மா திட்டுவார்கள்.

அந்தக் கால்கள் ஓய்ந்து ஓராண்டு ஆகிறது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்னமும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அண்ணன் திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் ஆறு வயது இளையவள். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, மூச்சிழுப்பு வந்து வயல் வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, அண்ணன் பள்ளியை விட்டுவிட்டுக் காக்களூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். இதெல்லாம் உறவினர்களாகிய உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாதது அமெரிக்க நாடகக் கதை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அறுபதுகளில் கோழி வளர்ப்பு சொல்லிக்கொடுக்க ஓர் அமெரிக்க இளைஞர் எங்கள் பக்கம் வந்திருந்தார். ஊரே அவரைக் 'கோழி தொரை' என்றது. கோழிக்கூண்டுக்குக் கம்பி வளைத்துக் கொடுக்கப் போன அண்ணன், அவர் அறையில் ஒரு ரெக்கார்டு பெட்டியையும் சில இசைத்தட்டுகளையும் பார்த்தார். எல்லாம் அமெரிக்க மேடை நாடகங்களின் பாட்டுகள். ஊருக்குத் திரும்பும்போது துரை அவற்றை அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் கரண்ட் ஏது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முதலாளியிடம் சாவி வாங்கி, பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அந்தத் தட்டுகளைச் சுழலவிடுவார்.

பாட்டைவிட, தட்டு போட்டிருந்த அட்டையின் பின்புறத்தில்தான் அவருக்குப் பைத்தியம். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பார். வார்த்தை ஒருவர், மெட்டு ஒருவர், கதை ஒருவர், ஆட்டம் ஒருவர் என்று அதில் பெயர்கள் இருக்கும். அவர் உச்சரித்த விதம் சரிதானா என்று தெரியாததால் அவற்றை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்த மனிதர்களைப் பற்றி ஏதோ பெரியப்பா பிள்ளைகள் மாதிரிப் பேசுவார். "அத்தினி பேரும் கப்பல்ல வந்து எறங்குன ஏழைங்க ஊட்டுப் புள்ளைங்கம்மா. ராஜா ராணியெல்லாம் கெடையாது. வயல்ல வேல செய்றவன், மில்லுல தைக்கிறவ, அவங்கதான் மேடையில பாடுறாங்க!" என்பார்.

"நம்ம கூத்துலயும்தான் பாடுறாங்க" என்பேன் நான்.

"பாடுறாங்க, ஆனா அங்க ஒரு ரூல் கீது. பாட்டு ஆரம்பிக்க சொல்லோ ஒருத்தன் ஒண்ணு நெனச்சினு இருந்தா, முடிக்க சொல்லோ வேற முடிவுக்கு வந்திருக்கணும். கதை ஒரு அடியாவது நவுரணும். நவுரலன்னா எவ்ளோ நல்ல பாட்டா இருந்தாலும் தூக்கிடுவாங்க. பெரிய ஊர்ல போடறதுக்கு மின்னாடி சின்ன ஊர்ல போட்டுப் பாக்கிறதே அதுக்குத்தான்."

இந்த விதி என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் அண்ணன் ஒரு நாடகம் போட்டார். அமெரிக்கப் பாணியில், ஆனால் நம் கதை. பேர் 'ஏழு மணி பஸ்'. கூலி வேலை செய்கிறவர் மகள் ஒருத்திக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. போவதா, வீட்டோடு இருப்பதா என்பதுதான் கதை. அந்தப் பெண் நான். நிஜத்திலும் என் நிலைமை அதுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்து, பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை, வந்து சேரும்படி கடிதம் வந்திருந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று நைனா சொல்லிவிட்டார். நானும் சரியென்று கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அடுத்த வருடம் இடம் கிடைக்காது என்பது நைனா, அண்ணன், நான் மூவருக்குமே தெரியும்.

நாடகத்தில் எனக்கு ஒரு பாட்டு இருந்தது.

போறவங்க போயி வாங்க, பாதை இங்கே கிடக்குது;
வரும்போது தாகம் எடுத்தா பானைத் தண்ணி இருக்குது.

சனிக்கிழமை பகலில் புதுவாயலில் மாமா வேலை செய்த இடத்தில் நாடகத்தைப் போட்டுப் பார்த்தோம். அண்ணனின் 'சின்ன ஊர்' அதுதான். நான் பாடியபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் அண்ணன் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வந்தார். வடை கட்டிக் கொடுத்த காகிதத்தில் ஏதோ கிறுக்கினார். பாதி வழியில் என்னிடம் வந்தார்.

"நாளைக்கி அந்தப் பாட்டு இல்ல."

"எந்தப் பாட்டு?"

"உன்னுதுதான்."

"இன்னாண்ணா இது? அத்தினி பேரும் அழுதாங்களே!"

"அழுதாங்க. பாட்டு முடிஞ்சதும் அந்தப் பொண்ணு எங்க நின்னா? ஆரம்பிச்ச எடத்துலயே நின்னுக்கினு கீறா. கதை நவுரல."

"ஒரு பாட்டுதானே, இருந்துட்டுப் போட்டுமே!"

"ரூல் ரூலுதான்" என்று வடைக் காகிதத்தை நீட்டினார். அதில் வேறு பாட்டு இருந்தது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற பாட்டு.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து, சபை முழுவதும் பந்தலில் உட்கார்ந்திருக்க, அந்தப் புதுப் பாட்டை அண்ணன்மேல் இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துப் பாடினேன். கடைசி வரியில் மேடையிலிருக்கும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போக வேண்டும். புதுவாயலில் அது காலிப் பெட்டி. அன்று தூக்கியபோது கை இழுத்தது. அப்போதுதான் பார்த்தேன், அது என்னுடைய பெட்டி. மூடியின் இடுக்கில் என் நீலப் புடவையின் ஓரம் தெரிந்தது. துணி, சர்டிபிகேட், அந்தக் கடிதம் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. அண்ணன் மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தின் பக்கம் நின்றுகொண்டு என் கண்ணைப் பார்க்காமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பாட்டு முடிந்துவிட்டது, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நடந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த நைனா எழுந்து வழியை மறித்தார். பெட்டியின் கனத்தைப் பார்த்தார், புடவை ஓரத்தைப் பார்த்தார். அவருக்கு மூச்சு இரைத்தது.

"கனமா கீது. குடு இங்க" என்றார்.

அன்று என்னை ரயில் ஏற்றிவிட்டவர் நைனாதான். அண்ணன் வரவில்லை. நாடகத்தில் இன்னும் இரண்டு காட்சி மீதி இருந்தது.

நான் நர்ஸ் ஆனேன். அண்ணன் காக்களூரிலேயே இருந்தார். சென்னையில் ஒரு நாடகக் குழுவினர் கூப்பிட்டார்கள், போகவில்லை. நைனாவின் இழுப்பு, பிறகு அம்மாவின் கண், பிறகு கல்யாணம், பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஸ்டேஷன் வரை நடந்து போய், சென்னை ரயில் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று அம்மா எழுதுவார்கள். போன ஆண்டு மஞ்சள் காமாலை முற்றிப் படுத்தபோது, நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். இத்தனை பேருக்கு மருந்து கொடுத்த கை இது, சொந்த அண்ணனுக்குப் பலிக்கவில்லை. கட்டிலிலும் அவர் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஒரு விடியற்காலையில் நின்றது.

இந்த நினைவு மலருக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது, எடுத்துப்போட்ட அந்தப் பாட்டைப் பற்றி அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அண்ணி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"பானைத் தண்ணி பாட்டா? அத்த தெனம் பாடுவாரே! நான் சோறு எடுத்துக்கினு பட்டறைக்குப் போவ சொல்லோ கேட்டுக்கீறேன். லேத்து ஓட சொல்லோ மட்டும்தான் பாடுவாரு. அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு அவருக்கு நெனப்பு."

இத்தனை காலம் அதை என் பாட்டு என்றே நினைத்திருந்தேன். தன் பாட்டை என் வாயில் கொடுத்துப் பார்த்திருக்கிறார், நான் அதை நம்பத் தொடங்கியதும் பிடுங்கிக்கொண்டார். இருந்த இடத்திலேயே நின்றவர் யார் என்று இப்போதுதான் புரிகிறது. பாவி மனிதர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணன் படுத்திருந்தபோது முறைபோட்டு உடனிருந்த பட்டறை நண்பர்களுக்கும், வண்டி கொடுத்த முதலாளிக்கும், புதுவாயலிலிருந்து வாரம் தவறாமல் வந்த மாமாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அவர் பக்கத்திலேயே இருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோழி துரை எங்கிருக்கிறாரோ, அவருக்கும்.

இன்றைய நினைவு ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டை நான் பாடப் போகிறேன். அது கதையை ஓர் அடிகூட நகர்த்தாது, தெரியும். ரூல் இன்னாவா இருந்தா இன்னா? பாட்டு முடியற வரைக்கும் கொஞ்சம் உக்காருண்ணா.