வெள்ளைக் காற்சட்டை

போன கோடை விடுமுறையில் என் பதினொரு வயது மகள் ஆரணி லண்டனில் ஒரு பேஸ்போல் அணிக்குத் தெரிவானாள். டியூஷனைப் போலப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே அது சரிவரவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு குடும்பம் புள்ளி எழுத வேண்டும். இன்னொரு குடும்பம் முடிவில் மைதானத்து மண்ணைச் சமப்படுத்த வேண்டும். உடுப்புத் தோய்ப்பது அவரவர் வீட்டில். காற்சட்டையோ தூய வெள்ளை!

"ஊத்தையாக்காமல் விளையாடு" என்று ஒவ்வொரு சனியும் சொல்லி அனுப்பினேன்.

இறுதியாட்டத்துக்குப் போக ஒரே ஓர் ஓட்டம் தேவைப்பட்டது. ஆரணி கடைசித் தளத்தை நோக்கி ஓடினாள். எதிரணிப் பிள்ளை பந்தோடு அவளைத் தொடுமுன் அவள் தளத்தைத் தொட வேண்டும். பந்தும் வந்தது. மண்ணில் சறுக்கிப் போயிருந்தால் தப்பியிருப்பாள். நிமிர்ந்தபடியே ஓடி ஆட்டமிழந்தாள். தோற்றோம்.

"ஏன் பிள்ளை சறுக்கேல்லை?"

"நீங்கள்தானே அம்மா ஊத்தையாக்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

சொல்வழி கேட்கிற பிள்ளை என்று எல்லாரிடமும் பெருமையடித்தவள் நான். அன்றுதான் அதற்குப் பயந்தேன்.

மண் சமப்படுத்துவது அன்று எங்கள் முறை. மற்றவர்கள் போனதும், அந்த வேலையைத் தொடங்குமுன் மகளைக் கூப்பிட்டேன்.

"எப்படிச் சறுக்கிறதெண்டு காட்டு. நானும் வாறன்."

"அம்மா, உங்கட புது ஜீன்ஸ்!"

"ஊத்தையாகட்டும்."

மூன்றாவது தடவைதான் எனக்குச் சரிவந்தது. இருக்கை அழுக்காகும் என்று டிராமில் இருவரும் நின்றபடியே வீடு வந்தோம்.

இந்தக் கோடையும் அவள் ஆடுகிறாள். சனி காலையில் வாய்வரை வரும் புத்திமதியை விழுங்கிவிட்டு, சவர்க்காரத் தூள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.