வாடகைச் சேலைக்கு எதுக்கு மஞ்சள்?

பட்டுச்சேலை வாடகைக் கடை நடத்துகிறவளுக்குப் போன் அடித்தாலே, எந்தச் சேலையில் என்ன கறையோ என்றுதான் தோன்றும். கடை வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

நாமக்கல்லில் எனக்குக் கடை. ஒரே நாள் கட்டி பீரோவில் தூங்கும் சேலைகளை வாங்கி, ஊரையே கட்ட வைக்கிறேன். 'துணி வீணாகாது, பூமிக்கு நல்லது' என்று போர்டும் வைத்தேன். பூமி சந்தோஷப்பட்டதோ என்னவோ, ராசிபுரத்தில் பட்டு நெய்யும் என் அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியாகச் சொன்னது: "ஒரு சேலையை நீ பத்துப் பேருக்குக் கட்டிவுட்டா, மிச்ச ஒம்பதை நான் ஆருக்கு நெய்யறது?"

ஓரத்தில் ஒரு பொட்டு

வாடகைக்குச் சேலை எடுக்க வந்த ஒரு பெண், கைப்பையிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து முந்தானை ஓரத்தில் வைத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. டிரை வாஷுக்குப் போட்டாலும் லேசில் போகாதே! "வாடகைச் சேலைக்கு எதுக்குங்க மஞ்சள்?" என்றேன்.

"கட்டற எனக்குப் புதுசுதானுங்களே."

அதற்குப் பிறகு வந்தவர்களும் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். நானும் தடுப்பதை விட்டுவிட்டேன்.

தூண் மறைவில்

ஒரு கல்யாணத்துக்குப் போனால், மணப்பெண் உடம்பில் என் கடைப் பச்சைப் பட்டு. வாடகைச் சேலை என்ற குட்டு வெளிப்பட்டால் அவள் கதி என்ன என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவளோ என்னைக் கைகாட்டி, "அந்த அக்காதான் எடுத்துக் குடுத்தாங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா நேரே வந்து என் கையைப் பிடித்தார்.

"இம்புட்டு நெருங்குன சொந்தம் மறைஞ்சு நிக்கலாமுங்களா? வாங்க, போட்டோ எடுக்கோணும்."

அண்ணன் வந்தார்

போன மாதம் அண்ணனே மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. அவளுக்கு நிச்சயதார்த்தம். "ஒரு நாளைக்குக் கட்ட எதுக்குப்பா புதுசு, அத்தை கடையில எடுத்துக்கறேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள்.

அவள் எடுத்தது அரக்கு நிறச் சேலை, ஒரு டீச்சர் எனக்கு விற்றது. அண்ணன் கரையைத் தடவினார். சட்டென்று கை நின்றது. அவர் தறியில் நெய்ததுதான். ஓரத்தைத் திருப்பி, மங்கிய மஞ்சள் பொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழு. அண்ணன் தங்கை உறவு இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"ஏழு பேரு கட்டியும் ஒரு இழை நவுரல. இத்தனை கெட்டியா நான் நெய்திருக்கக் கூடாது. மஞ்சளைக் கொண்டா சாமி, எட்டாவது பொட்டை நானே வெக்கறேன்."

'பூமிக்கு நல்லது' போர்டு இன்னும் தொங்குகிறது. பக்கத்தில் 'அண்ணனுக்கும் நல்லது' என்று எழுதத்தான் கை வரவில்லை.