அலமாரியில் விரித்த ஸ்ரீபெரும்புதூர்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பியும் பேப்பருமாக அப்போதுதான் உட்கார்ந்தேன். கேட்டில் ஸ்டெல்லா.

எங்கள் தெரு முனையில் குடியிருப்பவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பாவும் அம்மாவும் இதே பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவருக்கு ஷிப்ட், ஐ.டி. கார்டு, கம்பெனி பஸ். அன்றைக்கு அவர் கையில் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம்... முகத்தில் அந்தக் கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிட்ட களை.

“சார், நீங்க எலெக்‌ஷன் செக்‌ஷன்ல இருந்தீங்களாமே. என் ஓட்டு பூடும்போல இருக்குது சார்.”

உள்ளே வரச் சொன்னேன். ரிட்டயர் ஆனவனைத் தேடி ஒருவர் ஃபார்மோடு வருவது தீபாவளிக்குச் சமம். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் எதற்கு என்று எனக்கு மனப்பாடம். அதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஓய்வுக்காலத்தின் ஒரே குறை.

விஷயம் இதுதான். இந்தத் திருத்தத்தில், இருபது வருஷத்துக்கும் முந்தைய பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் நோட்டீஸ், விசாரணை, சான்று என்று அலைய வேண்டும். ஸ்டெல்லா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர். ஆக, அப்பா பெயர் வேண்டும். அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. படிவம் கொடுக்க மூன்று நாள்தான் பாக்கி.

“விசாரணைக்கு லீவு போட்டா சம்பளம் கட் ஆயிடும். ஓட்ட உட்டுட்டா இன்னும் பேஜாரு சார். தண்ணி வரலேன்னு போய் நின்னா, மொத கேள்வியே ‘உனக்கு ஓட்டு இங்கதானா?’ன்னுதான். இல்லேன்னா மூஞ்சியக்கூட பாக்க மாட்டாங்க.”

“பழைய லிஸ்ட் கெடைக்கலையா?”

“ஒண்ணு கெட்ச்சுது சார். பிரவுசிங் சென்டர்ல பிரின்ட் எடுத்துக் குடுத்தாங்க. பாத்தா, மேல கும்மிடிப்பூண்டின்னு போட்டுக்குது, கீழ பாராளுமன்றத் தொகுதி ஸ்ரீபெரும்புதூருன்னு போட்டுக்குது. இன்னாடா இது, எங்கியோ கார் கம்பெனி இருக்கிற ஊரு... நம்மளது திருவள்ளூராச்சே? தப்பு லிஸ்ட்டுன்னு சமையக்கட்டு அலமாரில விரிச்சுட்டேன்.”

“விரிச்சுட்டீங்களா!”

“நானாச்சும் விரிச்சேன். எங்க தெருவுல பாதிப் பேரு கெடாசிட்டாங்க சார்.”

காப்பி ஆறிப்போனது.

சரி, உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாடு முதன்முதலாக ஓட்டுப் போட்ட காலத்தில் திருவள்ளூர் என்றொரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. பிறகு ஒருநாள் அது காணாமல் போனது. ஊர் அங்கேயேதான் இருந்தது, ரயில் நின்று போனது, வீரராகவர் கோயிலில் அமாவாசைக்குக் கூட்டம் வந்தது – தொகுதிதான் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் நாமெல்லாம் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள். ஆந்திர எல்லையில் உட்கார்ந்துகொண்டு, அப்போது பிரியாதிருந்த பெரிய மாவட்டத்தின் அந்தக் கோடி ஊர்ப் பெயரில் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தோம். கடைசித் தொகுதி மறுவரையறையில் திருவள்ளூர் திரும்பி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் தெற்கே வேறு ஊர்களை அழைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. பழைய பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தனி’ என்று இருந்தது. புதிய பெயருக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அது ஒன்றுதான் மாறவில்லை.

இவ்வளவு பெரிய மாற்றம் மக்களுக்குத் தெரியாமலா நடந்தது? இல்லை, முறைப்படி நடந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது என் அனுபவம்.

மறுவரையறை வரைவு வந்தபோது நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டியவன் நான்தான். பூட்டிய கண்ணாடிப் பலகை; அதற்கு முன்னால் கால் உடைந்த இரண்டு பீரோ. கெடு முடிந்ததும் பச்சை மையில்... மன்னிக்கவும், அது மேலதிகாரியின் மை. நான் நீல மையில் எழுதினேன். ‘ஆட்சேபணை: இல்லை.’ அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஸ்டெல்லாவின் அலமாரியில் இருப்பது அந்த ஒற்றை வரியின் மிச்சம்தான்.

“ஓடிப் போய் அதை எடுத்துட்டு வாங்க” என்றேன்.

வந்தது. மூன்று தாளில் எண்ணெய், ஒன்றில் மஞ்சள்தூள்.

“அப்பா எங்க ஓட்டுப் போடுவாரு?”

“ரயில்வே கேட்டாண்ட ஸ்கூலு சார். விடிகாலைலயே போய் மொத ஆளா நிப்பாரு. ‘வருசம் பூரா நெலத்து ஆண்டை முன்னாடி துண்ட கையில வெச்சுக்கினு நிக்கிறேன், இன்னிக்கி ஒருநாளு அவரு எனக்குப் பின்னாடி நிக்கிறாரு’ன்னு சொல்லுவாரு.”

முகப்பில் அந்தப் பள்ளியின் பெயர் இருந்தது. விரலை வைத்து வரிவரியாக இறங்கினேன். மஞ்சள் தாளில், மசாலா டப்பாவின் வட்டத் தடத்துக்குள்... தேவசகாயம். ஆண். வயது முப்பத்தெட்டு.

ஸ்டெல்லா தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியில் விரலை வைத்தார்.

“எனக்கே இப்ப முப்பத்தொம்போது சார். எங்கப்பா என்னவிட சின்னவரா இருக்காரு பாருங்க.”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் தூசி.

படிவத்தை நிரப்பினோம். பாகம் எண், வரிசை எண், பழைய தொகுதி. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஸ்டெல்லா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று அவர் சொன்னது என் மாடிக்கே கேட்டது.

“யக்கா, அந்த ஸ்ரீபெரும்புதூரு லிஸ்ட்டு நம்மளுதுதான்! அப்போ நம்ம தொகுதி பேரு அது! கெடாசினவங்க திரும்ப பிரின்ட் எடுங்க!”

அவ்வளவுதான். தொகுதி வரலாறு, தெரு முழுக்க, மூன்றே வாக்கியத்தில். நான் ஒட்டிய நோட்டீஸ் நான்கு பக்கம்.

போன வாரம் வரைவுப் பட்டியல் வந்தது. ஸ்டெல்லா பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெயர்கூட விடுபடவில்லை. அதைச் சொல்ல வந்தவர் கேட்டுக்குப் போய்த் திரும்பினார்.

“சார், மறுபடியும் தொகுதியெல்லாம் மாத்தப்போறாங்களாமே. அந்த நோட்டீசு எங்க ஒட்டுவாங்க?”

சொன்னேன். கண்ணாடிப் பலகை, பீரோ உட்பட.

“பீரோவ நாங்க தள்ளிக்கிறோம் சார்.”

‘ஆட்சேபணை: இல்லை’ என்று எழுதப் பேனாவைத் திறக்கப்போகும் அந்த இளைய அதிகாரிக்கு என் அனுதாபங்கள்!