நீலம் விடுபட்ட அச்சு

ஒதில் கெர்வெல்லா இந்த மார்ச்சில் இறந்தாள். நுரையீரல். ஆயுள் முழுக்கப் பிளாஸ்டர் தூசியைச் சுவாசித்தவளுக்கு வேறு எது வரும்? துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் வார்த்துக் கொடுத்த சிலைகளை வரிசையாகச் சொன்னார்கள். அவளைக் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் சொல்லியிருப்பாள். அதைச் செய்தவள் அவள் அல்ல. அதைக் கொல்லப் பார்த்தவள் அவள்.

அவள் அப்பா பாரிஸின் மோன்பர்னாஸில் அச்சு எடுப்பவர். சிற்பிகள் களிமண்ணில் செய்வதைப் பிளாஸ்டருக்கு மாற்றித் தருவது தொழில். அவர் போனதும் பட்டறையை ஒதில் எடுத்துக்கொண்டாள். "பொம்பளை கையில அச்சா? உள்ள போறது வீனஸ், வெளிய வர்றது வெங்காயம்" என்று தெருவே சிரித்தது. பிறகு அதே தெரு அவளிடம் வந்தது. அவள் வார்ப்பில் இணைப்புக் கோடு தெரியாது.

அவளுக்கு ஆசை சிற்பியாவது. அரசுக் கலைப்பள்ளி அன்று பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே மாலையில் மெஸ்யூ பார்த்தாஸ் நடத்திய பெண்கள் வகுப்புக்குப் போனாள். அங்கே பாதிப்பேர் அமெரிக்கப் பெண்கள். பெட்டியோடும் காவலுக்கு ஒரு அத்தையோடும் கடல் தாண்டி வந்தவர்கள்.

பார்த்தாஸ் மூக்கு, கண் எதையும் தொட விடமாட்டார். "மண்டையோட்டைச் செய்யுங்க. மூக்கு தானா வந்து ஒட்டிக்கும்" என்பார். சனிக்கிழமை மாடல் பெண்ணுக்கு விடுமுறை. வாரம் முழுதும் செய்த உருவத்தை ஈரத்துணியால் மூடிவிட்டு, எல்லோரும் சுவரைப் பார்த்து நின்று அதையே திரும்பச் செய்ய வேண்டும். "கண்ணு மறக்கலாம். கை மறந்தா அது கை இல்ல, கரண்டி!"

ஒரு சனிக்கிழமை வெர்மாண்டிலிருந்து வந்த அடேலா பின்னியின் அருகில் அவர் நின்றார்.

"அம்மணி, இது தோளா, உங்க ஊர்ப் பூசணிக்காயா?"

"பூசணிதான் மெஸ்யூ. எங்க ஊர்ல தோளே அப்படித்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒதிலுக்கு விக்கலே வந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் குளிர்காலத்தில் அடேலா ஒதிலின் பட்டறை ஜன்னலருகே களிமண்ணில் ஆளுயர உருவம் ஒன்றைத் தொடங்கினாள். நின்றபடி தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளும் பெண். தூக்கிய இரண்டு கைகள், கூந்தலுக்குள் பத்து விரல்கள். உள்ளே ஈயக் குழாயும் கம்பியும் வைத்துக் கட்டியது. இரவெல்லாம் ஈரத்துணி சுற்ற வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், உறைந்தாலும் வெடிக்கும். கருங்கல் குவாரி வைத்திருந்த அப்பா ஊரிலிருந்து ஒரே வார்த்தை சொல்லியிருந்தார்: வசந்தத்தில் சலோன் கண்காட்சி உன் சிலையை ஏற்றால் பாரிஸில் இரு. இல்லையென்றால் கோடையில் கப்பல் ஏறு.

அச்சு எடுக்கும் நாளில் சிற்பி பட்டறையில் இருக்கக்கூடாது. ஒதிலின் அப்பா காலத்துக் கட்டளை அது. காரணம் உண்டு. அச்சு எடுத்தால் களிமண் பிழைக்காது. முதலில் சலவை நீலம் கலந்த பிளாஸ்டரை மெல்லிய தோலாக மண்மேல் வீசுவார்கள். அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர் தடிமனாக. அது இறுகியதும் முதுகுப் பக்கம் திறந்து, உள்ளிருக்கும் மண்ணைத் துண்டு துண்டாகத் தோண்டி எறிவார்கள். வெற்று அச்சுக்குள், ஒட்டாமலிருக்கச் சோப்புத் தடவிப் புதுப் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். பிறகு அச்சை வெளியிலிருந்து உளியால் உடைக்க வேண்டும். வெள்ளை உதிரும், உதிரும். திடீரென்று நீலம் தெரியும். நீலம் என்றால் அடுத்தது சிலையின் தோல். கையை மெதுவாக்கு.

அடேலா வெளியே போகவில்லை.

"போடி, காபி குடிச்சிட்டு வா. எங்கப்பா இருந்தா உன்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பார்."

"மாட்டேன். பெத்த பொண்ணுக்கு ஆபரேஷன்னா தெருவில போய் நிப்பேனா?"

முதல் கைப்பிடி பிளாஸ்டர் முகத்தில் விழுந்ததும் அடேலா விம்மினாள். ஒதில் அவளைத் தேற்றிக்கொண்டே கலக்கினாள், கலக்கிக்கொண்டே வீசினாள். கலக்கிய பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது.

மண்ணைத் தோண்டியதும் சோப்புத் தடவி ஊற்றியதும் இரவு விளக்கின் மங்கலில்; மண்கறை படிந்த அச்சின் உள்நிறம் யார் கண்ணிலும் படவில்லை. வார்ப்பு இறுகியபின், சலோனுக்கு ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் காலையில், ஒதில் பீடத்தின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினாள். வெள்ளை. இன்னும் கொஞ்சம் தட்டினாள். வெள்ளை. ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். நீலப் பொட்டலம் நூல் அவிழாமல் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடேலா, என்னை அடி."

"எதுக்குடி?"

"நீலம் போடல."

அச்சும் வெள்ளை, சிலையும் வெள்ளை. நடுவில் இருப்பது ஒரு சோப்புப் படலம். வெளியே பார்த்தால் சாக்குமூட்டை மாதிரி ஒரு கட்டி. மண் உருவம் போய்விட்டது. ஓர் அடி தவறினால் இதுவும் போய்விடும்.

அடேலா கத்துவாள் என்று ஒதில் காத்திருந்தாள். அடேலா மெதுவாகக் கேட்டாள்: "உள்ள இருக்காளா?"

"இருக்கா. எவ்வளவு உள்ளங்கிறதுதான் தெரியல."

அடேலா போய்க் கைகழுவினாள். "இவளை அப்படியே திருப்பு. ஜன்னல் எனக்கு இடது பக்கம் இருந்துச்சு. என் முக்காலியைக் கொண்டா."

குளிர்காலம் முழுக்க நின்ற அதே இடத்தில் நின்று கண்ணை மூடினாள். கை தானாக நீண்டது. கட்டியின் மேல் உள்ளங்கை பதிந்தது, சற்று நகர்ந்தது, நின்றது.

"முழங்கால். இங்க ரெண்டு விரக்கடை."

ஒதில் உளியை வைத்தாள். மரக் கொட்டாப்புளி உளியின் தலையில் விழுந்தது. ஒரு விரல் ஆழம். இன்னும் ஒன்று. சில்லு தானாகக் கழன்று, அவித்த முட்டையின் ஓடு மாதிரி கையில் வந்தது. அடியில் முழங்கால், மினுமினுப்பாக, ஒரு கீறல் இல்லாமல்.

கை மறக்காது என்று பார்த்தாஸ் சொன்னதை ஒதில் இத்தனை நாள் வாத்தியாரின் வாய்ச்சவடால் என்றே நினைத்திருந்தாள்.

"தொடை. ஒரு விரக்கடைதான், பதமா அடி. இடுப்பு. இங்க ஆழம், தைரியமா அடி." அடேலா கண்ணைத் திறக்கவே இல்லை. வயிறு வந்தது, மார்பு வந்தது, கழுத்து வந்தது. கன்னத்தில் சில்லு உரிந்தபோது ஒதில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். கோயிலிலும் அவள் அவ்வளவு மனதாரச் செய்ததில்லை.

கூந்தல் வந்ததும் அடேலாவின் கை தயங்கியது.

"தெரியல."

"என்னடி தெரியல?"

"கடைசி நாள் இந்த விரலையெல்லாம் கலைச்சு மாத்தினேன். கைக்குப் பழசும் ஞாபகம் வருது, புதுசும் வருது."

ஒதில் உளியைக் கீழே வைத்தாள். வெளிச்சம் சாய ஆரம்பித்திருந்தது. "ஏன் மாத்தினே?"

"பின்னிப் பார்த்தேன். நான் செஞ்சது தப்புன்னு தெரிஞ்சுது."

"அப்போ இப்பவும் பின்னு."

அடேலா கொண்டை ஊசிகளை உருவினாள். கண்மூடி, தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்ன ஆரம்பித்தாள். மூன்றாவது பின்னலில், "இங்கதான்" என்று நிறுத்தினாள். ஒதில் அந்த விரல்களைச் சுற்றி வந்து பார்த்தாள். எது மேலே, எது மறைவாக, சுண்டுவிரல் எப்படித் தனியே விலகி நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு கட்டிக்குத் திரும்பி, சிற்றுளியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். ஒன்பது விரல்கள் முழுதாக வந்தன. பத்தாவதில், இடது சுண்டுவிரலில், நகம் மட்டும் சில்லோடு போனது.

"நகம் போச்சுடி. ஒட்டித் தர்றேன்."

அடேலா கண்ணைத் திறந்தாள். சிலையைச் சுற்றி வந்தாள். பிறகு, "இவளை நானா செஞ்சேன்?" என்றாள். "விடு. ஒட்டாதே. வேலை செய்யற பொண்ணுக்கு நகம் உடையாதா?"

வெளியே கைவண்டி வந்து நின்றது. ஃபிர்மேன். ஒவ்வொரு வசந்தத்திலும் தெருவிலுள்ள சிலைகளையெல்லாம் சலோனுக்கு இழுத்துப் போகிறவன். எல்லாச் சிலையும் அவனுக்கு மாவு மூட்டை.

"என்ன அம்மணிகளா, மூட்டை ரெடியா? சலோன் வாசலை மூடிருவான்!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான். வந்தவன் நின்றான். தொப்பியை எடுத்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒதிலிடம் கேட்டான்:

"கம்பளி ஏதாவது இருக்கா? வெளியில காத்து. அவங்களுக்குக் குளிரும்."

ஒதில் தன் படுக்கையிலிருந்ததை உருவிக் கொடுத்தாள். வாசல் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். சலோன் ஏற்றது. அந்தக் கோடையில் கப்பல் அடேலா இல்லாமல் போனது.